உள்பக்கம் திருப்பாத சட்டை

அடையாறு
1999, ஆவணி பிறந்து பன்னிரண்டாம் நாள்

அன்பு மகள் வடிவுக்கு உன் நைனா ஏகாம்பரம் சொல்லி எழுதுவது. இங்கே நான் வேளைக்குக் கஞ்சி குடித்துக்கொண்டு, கால் வீங்கினாலும் இஸ்திரி வண்டியடியில் நின்றுகொண்டு, படுக்கையில் விழாமல் இருக்கிறேன். அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை வர்ஷினியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஊரே டம்ளரும் ஸ்பூனுமாகக் கோயிலுக்கு ஓடிய வருஷம், தீபாவளியை ஒட்டிக் காலையிலேயே சூரிய கிரகணம் பிடித்ததே அந்த வருஷம், நீ பன்னிரண்டாவது படித்தாய். அந்த வருஷத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எப்போதும் எழுதித் தருகிற தபால்காரர் எழுத்து இது இல்லை. எழுத்தைப் பார்த்ததுமே யாருடையது என்று உனக்குத் தெரிந்திருக்கும் என்று எழுதுகிறவர் சொல்கிறார். துணியைத் தொட்டால் எந்த வீட்டுத் துணி என்று எனக்குத் தெரிவது போல எழுத்துக்கும் அடையாளம் உண்டாம், எனக்கு அது இன்றைக்குத்தான் தெரியும். ஆள் யாரென்று தெரிந்து கோபம் வந்தாலும் கிழித்துப் போடாதே கண்ணு, கடைசி வரிவரை படி. நான் பேசுவதை அவர் நேராக்கி எழுதுகிறார், மற்றவர்கள் சொன்னதை மட்டும் சொன்னபடியே போடச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் வீட்டு விஷயம். கூரைக்குப் புதுத் தகடு போட்டாயிற்று, இந்த மழைக்கு ஒழுகாது. உன் அம்மாவுக்குத் திதி கொடுத்தேன், குளக்கரையில் கூட்டம், ஐயர் அவசரப்படுத்தினார், இருந்தாலும் குறையில்லை. வண்டி அதே அபிராமபுரம் தெருவில், அதே தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் நிற்கிறது. ஆனால் பாதி வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள், அவர்கள் வீட்டிலேயே கரண்ட் பெட்டி வைத்துத் தேய்த்துக்கொள்கிறார்கள், எனக்கு வருவது பட்டுப்புடவையும் பேண்ட்டும்தான். மரத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டுத் தையல் மிஷின் வைத்திருந்த கலீமுல்லா பாய் போன ரம்ஜான் முடிந்து இரண்டாம் வாரம் காலமாகிவிட்டார். உனக்குப் பாவாடை தைக்கும்போதெல்லாம் மீந்த துணியில் ரிப்பன் வெட்டிக் கொடுப்பாரே, அவர்தான். மீர்சாகிப்பேட்டைக்குப் போய்த் தூக்குகிற வரைக்கும் இருந்துவிட்டு வந்தேன். குழந்தைக்கு மொட்டை அடித்ததாக எழுதியிருந்தாய், தலைக்கு நல்லெண்ணெய் வைக்காதே, அந்த ஊர்க் குளிருக்கு ஆகாது, தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி வை.

உன் போன கடிதத்தைத் தபால்காரர் படித்துக் காட்டினார். நீங்கள் இருக்கிற குவார்ட்டர்ஸ் லைனில் ஒரு தமிழ்க்கார அம்மா, நீ பன்னிரண்டாவதில் கணக்கில் நின்றுபோனவள் என்று கேள்விப்பட்டு, வெளியிலிருந்து எழுதலாம் வா, நான் சொல்லித் தருகிறேன் என்று கூப்பிட்டாராம். இந்த மாதிரி அம்மாக்களை எனக்குத் தெரியும் நைனா, ஆசை காட்டி உள்ளே விட்டுவிட்டு பாதியில் கதவைச் சாத்துவார்கள், இஸ்திரிக்காரன் மகள் ஒரு தடவை பட்டது போதும் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். தபால்காரர் படிக்கப் படிக்க, நல்லா குடுத்துச்சு உன் பொண்ணு என்று சிரித்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கரி போடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். நாலு வருஷமாக நீ இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாய், நினைக்க வைத்தவன் நான். ஜெயலக்ஷ்மி டீச்சர் உன் மேல் கதவைச் சாத்தவில்லை வடிவு. சாத்தியது உன் நைனா. சாத்திவிட்டு அவர்கள் சாத்தினார்கள் என்று உன்னிடம் பொய் சொன்னேன்.

எப்படி என்று ஒழுங்காகச் சொல்கிறேன். எனக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது, துணி படிக்கத் தெரியும் என்று ஒரு திமிர் எனக்கு இருந்தது உனக்கே தெரியும். எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை, எந்தப் பையனுக்கு வேலை போயிற்று, எந்தப் பெண்ணுக்கு மாசம் ஆகிறது எல்லாம் மூட்டையைப் பிரித்ததும் சொல்வேன், உன் அம்மா வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். பத்து தடவையில் ஒன்பது தடவை சரியாக இருக்கும், அதனால் பத்தாவதையும் சந்தேகப்படுகிற பழக்கமே எனக்கு இல்லாமல் போயிற்று. ராமானுஜம் சாமி வீட்டு மாடியில் டீச்சரும் அவர்கள் வீட்டுக்காரர் ஸ்ரீவத்சன் சாரும் குடியிருந்தார்கள். பேங்க் ஆபீசர் சார் நல்ல கனத்த உடம்பு, அவர் சட்டையில் வயிற்றுக்கு நேரே இருக்கிற பொத்தான் எப்போதும் நூல் தளர்ந்திருக்கும், காலர் உள்ளே வேர்வைக் கோடு, ஒரு சட்டை தேய்க்க இரண்டு தடவை கரி போட வேண்டும் என்று நான் கிண்டல் செய்வேன். அந்த வருஷம் சித்திரையில் சாருக்கு நாக்பூருக்கு மாற்றல் ஆகிவிட்டது என்று டீச்சர் சொன்னார்கள். சாரை அப்புறம் தெருவில் யாரும் பார்க்கவில்லை. ஆனியில் நீ சாயங்காலம் கணக்குப் படிக்க அவர்கள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தாய். காசு வேண்டாம் என்றார்கள். முதல் மாதப் பரிட்சையில் நீ எழுபத்திரண்டு மார்க் வாங்கிவந்து பேப்பரை வண்டியில் விரித்துவிட்டாய், நான் அதன் மேல் தண்ணீர் தெளிக்கப் போனேன், ஞாபகம் இருக்கிறதா.

ஆடி கழித்து டீச்சர் வீட்டு மூட்டையில் ஆம்பிளைச் சட்டை வர ஆரம்பித்தது. மூன்று சட்டை, மூன்றும் புதுசு. வெள்ளை ஒன்று, சந்தன நிறம் ஒன்று, நீலக்கோடு போட்டது ஒன்று. சார் அளவில் பாதிகூட இல்லை. தோளும் குறுகல், இடுப்பும் குறுகல், காலரில் அழுக்குக் கோடே கிடையாது. டெட்டால் வாசம் வேறு. புருஷன் ஊரில் இல்லை, புதுசாக ஒல்லியாக ஒருத்தன் சட்டை வருகிறது, நன்றாகக் கழுவிக் கழுவி வருகிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று என் புத்தி ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டது. தப்பு செய்கிறவர்கள்தான் இவ்வளவு கழுவுவார்கள் என்றுகூட நினைத்தேன். இந்த இடத்தில் எழுதுகிற கை நின்றது. நிற்க வேண்டாம், அதையும் எழுதுங்கள் என்று சொன்னேன். ஆவணி, புரட்டாசி என்று போகப் போக அதே நீலக்கோட்டுச் சட்டை இன்னும் ஒடுங்கிக்கொண்டே வந்தது. என் கைக்கு அது தெரிந்தது. போன மாதம் விரித்தால் பலகையில் இந்த விளிம்புவரை வந்த சட்டை இந்த மாதம் நாலு விரல் உள்ளே நின்றது. கை கண்டதைப் புத்தி கேட்கவில்லை. டைட்டாகப் போட்டுக்கொள்கிற மைனர் போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தேய்த்தேன். ஒரு நாள் கரிப்பொறி பறந்து அந்தச் சட்டையில் மூன்றாவது பொத்தானுக்குக் கீழே மிளகு அளவு ஓட்டை விழுந்தது. பயந்துபோய்க் கலீமுல்லா பாயிடம் கொடுத்தேன், அவர் சட்டையை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நூல் ஓட்டித் தந்தார்.

பிள்ளையார் பால் குடித்த அந்த வியாழக்கிழமை நானும் கோயிலில் நின்று ஸ்பூன் பிடித்தேன். என் ஸ்பூனிலும் பால் குறைந்ததைப் பார்த்தேன் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். திரும்பி வண்டிக்கு வந்தால் ராமானுஜம் சாமி தானே கீழே இறங்கி வந்து, வீட்டுக் காபியை டம்ளரில் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இருபது வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவை. கொடுத்துவிட்டு, ஏகாம்பரம், நீ எல்லாராத்துத் துணியையும் பாக்கறவன், மாடியாத்துல ஏதாவது வித்தியாசமா இருக்கோ, ராத்திரி இருமல் சத்தம் கேக்கறது, ஆம்பளை இருமலாட்டம் இருக்கே என்று கேட்டார். அவர் என்னிடம் யோசனை கேட்டதில் எனக்குத் தலை கால் புரியவில்லை. சாமி, மாடியிலேருந்து வர்ற சட்டை சாரோடது இல்ல, சார் சட்டையில ரெண்டு பேர் பூந்துக்கலாம், இது எவனோ ஒல்லிப் புள்ளயாண்டானோடது, எத்தினி வருஷமா துணி பாக்குறேன், எனுக்குத் தெரியாதா என்றேன். பக்கத்துக் கொட்டகையில் மிஷின் நின்றது. பாய் எழுந்து வந்து, ஏகாம்பரம், உனுக்கு இன்னாய்யா தெரியும், வாய மூடிக்கினு பொட்டியத் தேய் என்றார். நான் சும்மா இருந்தேனா. பாய்க்கு இன்னாத்துக்கு இம்மாங்கோவம், டீச்சர் ஜாக்கெட்டு தைக்கிற கிராக்கி பூடும்னா என்று சாமி முன்னால் நக்கல் அடித்தேன். சாமிகூடச் சிரித்தார். பாய் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. அதோடு தை வரைக்கும் என்னோடு பேசவில்லை. பொறாமை பிடித்த ஆள் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் நீ கணக்கு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினாய். அந்த வீட்டுப் படியை மிதிக்காதே என்று சொல்ல வாய் வந்தது, ஏன் என்று கேட்டால் வயசுப் பெண்ணிடம் எதைச் சொல்வது. அதனால், டீச்சர் இனிமே வர வேணாம்னுட்டாங்க என்றேன். ஏன் நைனா, நான் இன்னா பண்ணேன் என்று கேட்டாய். அவங்க பெரிய மனுசங்க, நம்மள எத்தினி நாளிக்கு உள்ள வுடுவாங்க என்று சொன்னேன். எவ்வளவு சுலபமாக வந்தது பார் அந்தப் பொய். நீ அதை உடனே நம்பினாய், நம்புவாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். கொயந்தையாண்ட போய் அப்பிடியா சொல்லுவ, நாளைக்கே நெசத்தச் சொல்லு என்று சாகிற வரைக்கும் நச்சரித்தாள். தெருவில் டீச்சர் எதிரே வந்தபோது நீ தலையைத் திருப்பிக்கொண்டு போனதை நான் வண்டியடியிலிருந்து பார்த்தேன். டீச்சர் நின்று உன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பங்குனிப் பரிட்சையில் கணக்கு போயிற்று, அடுத்த ஆவணியில் கல்யாணம் பண்ணி அனுப்பிவிட்டேன். உன் நோட்டுகளை எடைக்குப் போட்டதும் நான்தான்.

சாமி டீச்சரை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஒரு மாதம் கெடு. கிரகணத்தன்று காலையில் தெருவில் ஈ காக்கா இல்லை, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி எல்லாரும் உள்ளே இருந்தோம், நானும் வண்டியை மூடிவிட்டு வீட்டில் இருந்தேன். கிரகணம் விட்டுக் குளித்துவிட்டு வந்து பார்த்தால் மாடி காலி. யாரும் பார்க்கக் கூடாது என்று அந்த நேரத்தில் ஓடியிருக்கிறார்கள் பார் என்று அதையும் தப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் கமர் ஜஹான் அம்மா, பாயுடைய சம்சாரம், பாயின் துணிகளை யாருக்காவது கொடுத்துவிடலாம், அதற்கு முன்னால் தேய்த்துக் கொடு என்று ஒரு மூட்டை கொண்டுவந்தார்கள். பிரித்தேன். நாலாவதாக நீலக்கோட்டுச் சட்டை. மூன்றாவது பொத்தானுக்குக் கீழே மிளகு அளவில் நூல் ஓட்டிய இடம். நான் போட்ட ஓட்டை எனக்குத் தெரியாதா. மேலே ஈரத்துணி வைத்தும் தையல் மடிப்பு தடித்துப் பலகையில் உட்காரவில்லை. வெள்ளையும் வெளிர் துணியும் நேராகத்தான் தேய்ப்போம், கறுப்புத் துணிதான் உள்பக்கம் திருப்பித் தேய்ப்பது, அதனால் இந்தச் சட்டையை நான் ஒருநாளும் திருப்பியதில்லை. அன்றைக்குத் திருப்பினேன். பக்கத் தையலில் ஒன்றுக்குள் ஒன்றாக நாலு தையல் வரி. நாலு தடவை பிடித்து ஒடுக்கியிருக்கிறார்கள். வெட்டாமல் துணியை உள்ளேயே மடித்து விட்டிருந்தார்கள், ஆள் திரும்பத் தேறினால் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்பதற்காக. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இது யாருடைய சட்டை அம்மா என்று கேட்டேன். அது டீச்சரம்மா வூட்டுக்காரரு சட்டை, உனுக்குத் தெரியாதா என்று கமர் ஜஹான் அம்மா சொன்னார்கள். அவருக்குப் புத்துநோவு, விடியறதுக்கு முன்ன இட்டுக்கினு போய் அடையாறு ஆஸ்பத்திரில கரண்ட் வெச்சாங்க, வெளியில தெரிஞ்சா வூட்டு சொந்தக்காரரு காலி பண்ணச் சொல்லிருவாரு, ஒட்டிக்கும்னு எல்லாம் பயப்படுவாங்கன்னு நாக்பூர் போயிட்டாருன்னு சொல்லி மாடியிலேயே உள்ரூம்புல வெச்சிருந்தாங்க, உன் பொண்ணு படிக்க வரப்போகூட அந்தக் கதவு சாத்திதான் கெடக்குமாம். பழைய சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிப்போச்சு, கண்ணாடியில பாத்தா அழுவாராம், அதுக்காண்டி மூணு சட்டை புதுசாத் தெச்சாங்க. இவரு மாசாமாசம் வூட்ல வெச்சுப் புடிச்சுப் புடிச்சுக் குடுத்தாரு, கூலி வாங்கல. யாராண்டயும் சொல்லக் கூடாதுன்னு டீச்சரம்மா சத்தியம் வாங்கிக்கினாங்க, மவுத்தாவுற வரைக்கும் மூச்சு வுடல. கிரகணத்தன்னிக்கு இவருதான் அவர மாடியிலேருந்து தூக்கியாந்து ஆட்டோவுல வெச்சாரு. கார்த்திகையில சாரு போயிட்டாரு, பொறவு டீச்சரம்மா இந்தச் சட்டைய இவருக்குக் குடுத்தாங்க, இவரு ஒருநாளும் போட்டுக்கல என்று சொல்லிக்கொண்டே போனார்கள். நான் பெட்டிக் கரியைக் கொட்டித் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு அன்றைக்கு வண்டியை மூடினேன்.

அன்றிலிருந்து ஒரு வாரம் தூங்கவில்லை வடிவு. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஆபீஸ் போகிற மாதிரி தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்த மனுஷன். அந்த மடிப்பைப் போட்டுக் கொடுத்தவன் நான், அதே கையால் பாக்கி இருந்த நாளுக்கு இருக்க இடமில்லாமல் பண்ணியவனும் நான். பாய்க்குத் தெரியும், சொல்ல முடியாமல் தவித்தார், அவரைப் பொறாமைக்காரன் என்று நினைத்தேன். ஊரில் மற்றவர்களைத் திட்டி என்ன பிரயோசனம். என்னைப் பார்த்ததும் எல்லா வீட்டுக்காரர்களும் மூட்டையைத்தான் பார்க்கிறார்கள், ஆளைப் பார்ப்பதில்லை என்று எத்தனை தடவை உன் அம்மாவிடம் புலம்பியிருப்பேன். நான் மட்டும் யாரைப் பார்த்தேன்.

கமர் ஜஹான் அம்மாவிடம் விலாசம் வாங்கிக்கொண்டு, சட்டையைத் தேய்த்துப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு, லஸ்ஸில் பஸ் ஏறி அடையாறு டெப்போவில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். டீச்சர் கதவைத் திறந்தார்கள், தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் வார்த்தை, வடிவு எப்படி இருக்கா ஏகாம்பரம் என்பதுதான். வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், உள்ளே கூப்பிட்டும் போகவில்லை. டீச்சர் முழுவதையும் கேட்டார்கள். அப்புறம், எங்காத்துல இப்படி ஒரு வியாதி இருக்குன்னு நீங்க தெரிஞ்சுண்டு, கொழந்தைக்கு ஒட்டிக்குமோன்னு பயந்து நிறுத்திட்டேள்னுதான் நான் நெனச்சுண்டிருந்தேன், பெத்தவா பயப்படறது நியாயந்தானேன்னு ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டேன், கேட்டிருக்கணும் என்றார்கள். அவர்களும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை, நானோ கேட்க வேண்டும் என்றே நினைக்கவில்லை. சட்டையை வாங்கி வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் உள்பக்கம் திருப்பி, நாலு தையல் வரியையும் விரலால் தடவிப் பார்த்தார்கள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாகப் போயிருக்கும், அந்த லேசு எனக்கு வேண்டாம்.

நான்தான், என் பெண்ணுக்கு இதை நீங்களே எழுதித் தர வேண்டும் என்று கேட்டேன். வேண்டாம், போனது போகட்டும் என்றார்கள். வேறு யாரை எழுதச் சொன்னாலும் என்னைக் கொஞ்சம் நல்லவனாகச் சொல்லிக்கொண்டுவிடுவேன் டீச்சர், உங்கள் எதிரில் உட்கார்ந்தால் அது முடியாது என்றேன். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தார்கள். காலையிலிருந்து எழுதுகிறார்கள், நடுவில் எழுந்துபோய் எனக்கு மோர் கொடுத்தார்கள், அவர்கள் மட்டும் ஒன்றும் குடிக்கவில்லை.

நீ என்னை என்ன நினைத்தாலும் சரி, கடிதம் போடாமல் இருந்தாலும் சரி, அது எனக்கு வர வேண்டியதுதான். ஆனால் உங்கள் லைனில் இருக்கிற அந்த அம்மா வீட்டுக்கு நாளைக்கே போ. உன்னைக் கூப்பிட்ட அந்த அம்மா யார், எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியாது, நான் உன் காதில் போட்ட பொய்தான் உனக்குத் தெரியும். போய் வாசலில் நின்று, அன்றைக்கு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனது தப்பு என்று சொல். சொல்லும்போது நாக்கு குழறும், குழறட்டும், எனக்கும் குழறியது. பரிட்சைக்கு மனு போட இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது என்று தபால்காரர் சொன்னார், அதைத் தள்ளிப் போடாதே. கணக்கில் சந்தேகம் என்றால் கவரின் பின்னால் இருக்கிற அடையாறு விலாசத்துக்கு எழுதி அனுப்பு, பதில் போடுகிறேன் என்று டீச்சர் சொல்லச் சொன்னார்கள். நீயும் மாப்பிள்ளையும் ஒற்றுமையாக, குழந்தை நோய்நொடி இல்லாமல், கபாலீஸ்வரர் புண்ணியத்தில் நன்றாக இருக்க வேண்டும். குழந்தைக்கு எண்ணெய் விஷயம் மறக்காதே.

அன்றைக்கு என் வாயால் நடந்ததில் சம்பந்தப்பட்டவர்களில் ராமானுஜம் சாமி போன வருஷம் போய்விட்டார், உண்மை தெரியாமலே போனார். கலீமுல்லா பாய் போய்விட்டார், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லக் கொடுத்துவைக்கவில்லை. உன் அம்மா போய்விட்டாள். ஸ்ரீவத்சன் சார் அந்தக் கார்த்திகையிலேயே போனார். மரத்தடியில் நிற்கிற என்னைக் கணக்கில் சேர்க்காதே. என் பொய்யால் அடிபட்டவர்களில், நீ போய்க் கேட்டால் பதில் சொல்ல உயிரோடு மிச்சம் இருப்பது ஒரே ஒருவர்தான். அவர் பெயரை இந்த இடத்தில் நான் சொல்ல மாட்டேன், என் கைநாட்டுக்குக் கீழே அவரே எழுதட்டும்.

உன் நைனா
ஏகாம்பரம், இடது கைப் பெருவிரல் ரேகை

எழுதியது
ஜெயலக்ஷ்மி ஸ்ரீவத்சன், அடையாறு